வீட்டிலிருந்தபடியே எம்.ஏ.

ஒரு பட்டத்தைப் பெற்று, ஓர் உத்தியோகத்திலும் அமர்ந்து, ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பிறகு பலருடைய உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. 'நம் படிப்பு இத்துடன் முடிந்துவிட்டதா? மேலே ஓர் எம்.ஏ. படித்தால் என்ன?' என்பதே அக்கேள்வி. நாகபுரியில் வங்கியொன்றில் கணக்கெழுதும் இளைஞருக்கும் அது தோன்றுகிறது. டில்லியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியைக்கும் தோன்றுகிறது. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின், நீண்ட பகற்பொழுதை என்ன செய்வது என்று நினைக்கும் இல்லத்தரசிக்கும் தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டோ வீட்டை விட்டுவிட்டோ இவர்களால் கல்லூரிக்குப் போக இயலாது. ஆகவே, இருந்த இடத்திலிருந்தே, இணையத்தின் வழியாகப் படித்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். தெரிந்தவர்களைக் கேட்டால், ஒருவர், 'அது வெறும் காகிதம். அதற்கு மதிப்பில்லை' என்கிறார். இன்னொருவர், 'பட்டம் பட்டந்தானே, எந்த வழியாக வந்தால் என்ன?' என்கிறார். கேட்டவர் முன்னிலும் அதிகமாகக் குழம்பிப் போகிறார்.

இந்தக் குழப்பத்தைச் சிறிது தெளிவித்துக்கொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம். இவ்வழிப் படிப்பு நல்லதா, கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது என்பது நம் கருத்து. எதற்காகப் படிக்கிறோம், எந்த நேரத்தில் படிக்கப் போகிறோம் என்னும் இரண்டையும் கேட்டுக்கொண்டால் விடை தானே வரும்.

வீட்டிலிருந்து படித்துப் பட்டம் பெறுவது புதுமையன்று. லண்டன் பல்கலைக் கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே, தன் வகுப்புகளுக்கு வாராதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. நம் நாட்டில், டாக்டர் டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் அமைந்த ஒரு குழு இவ்விஷயத்தை ஆராய்ந்த பின், 1962-இல் டில்லிப் பல்கலைக் கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1982-இல் ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் பிறந்தது. இன்று அது டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1985-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் அமைந்தது. 1987-இல் அது பாடம் சொல்லத் தொடங்கியபோது இருந்த படிப்புகள் இரண்டே. சேர்ந்த மாணவர் 4,528 பேர். இன்று அதன் மாணவர் தொகையை இலட்சக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். இவ்வரலாற்றில் வானொலிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதை நாம் மகிழ்ச்சியோடு நினைவுகூரலாம். 2001-ஆம் ஆண்டு முதல் 'ஞானவாணி' என்னும் பெயரால் பண்பலை நிலையங்கள் அமைத்து, அப்பல்கலைக் கழகம் தன் பாடங்களை ஒலிபரப்பியது. ஒரு காலத்தில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த பாடக் கட்டு, இன்று கைப்பேசித் திரையில் வந்து நிற்கிறது. வழி மாறிற்றேயன்றி, தனியே உட்கார்ந்து படிக்க வேண்டிய கடமை மாறவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். தொலைநிலைக் கல்வி என்பது ஒன்று. இணையவழிக் கல்வி என்பது மற்றொன்று. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். பல்கலைக் கழக மானியக் குழுவோ அவற்றைத் தனித்தனி முறைகளாகவே கொள்கிறது. தொலைநிலையில் அச்சிட்ட பாடங்கள் உண்டு. பாடம் கேட்பதற்கும் ஐயம் தெளிவதற்கும் கற்றல் மையங்கள் உண்டு. இணையவழியில் விரிவுரை, பாடநூல், விவாதம், பயிற்சி வினாக்கள் எல்லாம் கணினியின் வழியே வருகின்றன. வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது. ஒரு மாநிலப் பல்கலைக் கழகம் தன் தொலைநிலைப் படிப்புக்கான மையங்களைத் தன் எல்லைக்குள்ளேதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றில் தொலைநிலையில் சேர்கிறவர் டில்லியில் இருந்தால், தேர்வுக்காக ஒவ்வொரு முறையும் ரயிலேற வேண்டியிருக்கும். அதே பல்கலைக் கழகம் அப்படிப்பை இணையவழியில் நடத்த அனுமதி பெற்றிருந்தால், அதற்கு மாநில எல்லை கிடையாது. 'உங்கள் ஊரிலேயே எங்கள் கிளை இருக்கிறது' என்று யாரேனும் வந்து சொன்னால், அப்போதே எச்சரிக்கையாகிவிட வேண்டும்.

இனி, மதிப்பைப் பற்றிய கேள்விக்கு வருவோம். சட்டத்தின் முன் இது தீர்ந்துபோன வழக்கு. தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்காகப் பல்கலைக் கழக மானியக் குழு 2020 செப்டம்பரில் விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி, முறையான அனுமதி பெற்று இவ்வழிகளில் அளிக்கப்படும் பட்டங்கள், நேரில் வகுப்புக்குச் சென்று பெறும் அதே துறைப் பட்டங்களுக்கு ஒப்பானவை. 2022 செப்டம்பரில் குழு இதனை மீண்டும் தெளிவாக அறிவித்தது. ஆகவே 'வெறும் காகிதம்' என்று சொல்பவர் பழைய செய்தியைச் சொல்கிறார். ஆயினும், சட்டத்தில் ஒப்பானது எல்லாம் நேர்காணல் அறையிலும் ஒப்பாகிவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். தனியார் நிறுவனத்தில் ஆளெடுப்பவர் தம் மனத்தில் என்ன நினைப்பார் என்பதை எந்த விதியும் கட்டுப்படுத்துவதில்லை. அரசாங்க வேலையிலும், பள்ளி கல்லூரி வேலையிலும் விதி துணை நிற்கும். மற்ற இடங்களில், படித்தவருடைய அறிவுதான் துணை நிற்க வேண்டும்.

'முறையான அனுமதி பெற்று' என்று சொன்னோமே, அந்த மூன்று சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2017 நவம்பர் 3-ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. சில நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டங்களை அளித்திருந்தன. 2001-ஆம் ஆண்டு முதல் 2005 வரை சேர்ந்தவர்களுடைய பட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்து, அவர்கள் புதிதாக ஒரு தேர்வெழுதித் தேறினால் மட்டுமே அவை செல்லும் என்றது. அதன் பின்னர்ச் சேர்ந்தவர்களுடைய பட்டங்கள் அடியோடு செல்லாமற் போயின. அத்தீர்ப்பு வந்த நாளில் அவர்களிற் பலர் அப்பட்டத்தைக் காட்டியே பதவி உயர்வு பெற்று, குடும்பமும் குழந்தைகளுமாக இருந்தவர்கள். அவர்கள் பணம் கட்டினார்கள், இரவில் கண் விழித்தார்கள், தேர்வும் எழுதினார்கள். பல்கலைக் கழகம் என்ற பெயர் இருந்ததனால் நம்பினார்கள். சேரும் முன்னர் அனுமதியைச் சரிபார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சரிபார்ப்பது கடினமும் அன்று. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக் கழகம், எந்தப் படிப்பை, எந்த ஆண்டில், எந்த முறையில் நடத்தலாம் என்ற பட்டியலைத் தன் இணைய தளத்தில் வெளியிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, பல்கலைக் கழகத்துக்கு அனுமதி இருப்பது மட்டும் போதாது என்பது. நாம் சேரப் போகும் அந்தப் படிப்புக்கு, நாம் சேரும் அந்தப் பருவத்தில், அனுமதி இருக்க வேண்டும். சென்ற ஆண்டு இருந்த அனுமதி இவ்வாண்டு இல்லாமற் போகலாம். ஓர் உதாரணம் கூறுவோம். உளவியலில் எம்.ஏ. பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்க விரும்பியவர்கள் நம் நாட்டில் பலர். சுகாதாரத் தொழில்களைப் பற்றிய 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, உளவியல், நுண்ணுயிரியல், உணவு ஊட்டவியல் முதலியவற்றில் தொலைநிலையிலும் இணையவழியிலும் புதிதாக மாணவரைச் சேர்க்கக் கூடாது என்று 2025-இல் மானியக் குழு அறிவித்துவிட்டது. மருத்துவம், பொறியியல், சட்டம், செவிலியம், கட்டடக் கலை போன்றவையும் விலக்கப்பட்ட வரிசையில் உள்ளவையே. டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கும் இவ்வழி இல்லை.

தரகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக் கழகம் தன் படிப்பை வேறொருவருக்குக் குத்தகைக்கு விடக் கூடாது என்று விதி திட்டமாகச் சொல்கிறது. 2024-ஆம் ஆண்டு முதல், சேர விரும்பும் மாணவர் மானியக் குழுவின் தளத்தில் தாமே பதிவு செய்து ஓர் அடையாள எண்ணைப் பெற்ற பிறகுதான் சேர இயலும். அப்படியிருந்தும், தொலைபேசியில் அழைத்து, 'இன்று மாலைக்குள் கட்டினால் கட்டணத்தில் சலுகை' என்று அவசரப்படுத்துவோர் இருக்கத்தான் இருக்கிறார்கள். கல்விக்கு மாலைக்குள் என்ன அவசரம்? வெளிநாட்டுப் பல்கலைக் கழகத்தின் பட்டத்தை இங்குள்ள கல்வி வியாபார நிறுவனத்தின் மூலம் வாங்கித் தருவதாகச் சொல்வோரைப் பற்றி 2023 டிசம்பரில் மானியக் குழுவே எச்சரித்திருக்கிறது. அங்கீகாரமில்லாத ஏற்பாடுகளின் வழியே வரும் அத்தகைய பட்டங்கள் இங்கே செல்லா. கட்டணமும் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் முழுப் படிப்பும் சில ஆயிர ரூபாயில் முடிந்துவிடும். சில இடங்களில் இலட்சத்தைத் தாண்டும். மாதத் தவணையில் கட்டலாம் என்று சொல்லப்படுவது பல சமயங்களில் நம் பெயரில் எழுதப்படும் கடனே. படிப்பை இடையில் நிறுத்தினாலும் அக்கடன் இடையில் நிற்காது.

இனி நாம் முதலில் கேட்ட கேள்வி: பட்டம் எதற்காக? பள்ளி ஆசிரியைக்கு இதில் குழப்பமே இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் சொல்லும் பதவிக்கு முதுகலைப் பட்டம் தேவை. தம் பாடத்தில் எம்.ஏ. முடித்தால் அவருக்கு உயர்வுக்கு வழி பிறக்கிறது, சம்பளமும் கூடுகிறது. அவர் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வெறுமனே தேறினாற் போதாது. எத்தனை விழுக்காடு என்பதும் கேட்கப்படும். கேந்திரீய வித்தியாலயங்களில் முதுகலை ஆசிரியர் பதவிக்கு 50 விழுக்காடு வேண்டும். கல்லூரி ஆசிரியராக விரும்பித் தேசியத் தகுதித் தேர்வை எழுதுவோர் முதுகலையில் 55 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும்; பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் அது 50. எப்படியாவது முடித்துவிட்டால் போதும் என்று 52 விழுக்காட்டில் எம்.ஏ. முடித்துவிட்டு, பிறகு கல்லூரி வேலையை விரும்புகிறவர், இரண்டாண்டு உழைப்பையும் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்ப நேரிடும். ஆகவே, எந்தக் கதவுக்காக இந்தச் சாவி என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொண்டால், எத்தனை உழைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வங்கி இளைஞருடைய நிலை வேறு. அவருக்கு அங்கே கிடைக்கும் உயர்வுக்குப் பெரும்பாலும் எம்.ஏ. பட்டம் நிபந்தனையன்று. வேறு துறைக்குத் தாவ விரும்பினால், அத்துறையில் வேலை செய்வோர் இருவரையாவது கண்டு, 'இந்தப் பட்டம் உங்களிடத்தில் எதற்கு உதவும்?' என்று கேட்ட பிறகு முடிவு செய்வது நலம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று தொடங்கும் படிப்பு, முதல் தேர்வுக்கு முன்பே நின்றுபோவதை நாம் பல இடங்களிற் கண்டிருக்கிறோம். அலுவலகத்தில் வேலை கூடும்போது முதலில் கைவிடப்படுவது, காரணம் இல்லாமல் எடுத்துக்கொண்ட காரியந்தானே!

இல்லத்தரசியின் கேள்வி நமக்கு மிகவும் பிடித்தமானது. அவர் உயர்வும் சம்பளமும் கேட்கவில்லை; சரித்திரமோ இலக்கியமோ பொருளாதாரமோ ஒழுங்காகக் கற்க விரும்புகிறார். அவருக்கு நாம் சொல்வது, பட்டத்துக்குப் பணம் கட்டும் முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள் என்பதே. 2017 ஜூலையில் மத்திய அரசாங்கம் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் பல பல்கலைக் கழகங்களின் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். இந்திரா காந்திப் பல்கலைக் கழகத்தின் அச்சுப் பாடங்களும் 'இ-ஞான்கோஷ்' என்னும் களஞ்சியத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. ஆனால் தேர்வென்று ஒன்று எதிரில் நின்றால்தான் சிலருக்குப் படிப்பு ஓடும், அது குற்றமன்று. அத்தகையோர் பட்டப் படிப்பிலேயே சேர்ந்துவிடலாம். ஐம்பது வயதில் எம்.ஏ. எழுதப் போகும் அம்மையாரைப் பார்த்து, 'இனிமேல் எதற்கு?' என்று கேட்கும் உறவினருக்கு விடை சொல்ல வேண்டியதில்லை.

நான்காவதாக ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. இருபத்தொரு வயதில் பி.ஏ. முடித்த பிள்ளை அல்லது பெண். வேலை இன்னும் இல்லை. குடும்பத்தால் கல்லூரிக் கட்டணத்தைத் தாங்க முடியும். ஊரிலோ பக்கத்து ஊரிலோ நல்ல கல்லூரியும் இருக்கிறது. 'வீட்டிலிருந்தே படிக்கட்டுமே, செலவும் குறைவு, போக்குவரத்தும் இல்லை' என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் இந்நினைவு இன்னும் விரைவாக வருகிறது. இது சரியன்று என்பது நம் எண்ணம். அந்த வயதில் எம்.ஏ. வகுப்பு தருவது பாடம் மட்டுமன்று. நூலக அலமாரியில் தேடாத புத்தகம் கையில் தட்டுப்படுவதும், நம்மைவிடக் கூரிய புத்தியுள்ள தோழரோடு வாதாடித் தோற்பதும், ஓர் ஆசிரியர் நம் கட்டுரையைத் திருப்பித் தந்து 'மறுபடி எழுது' என்று சொல்வதும் அங்கேதான் கிடைக்கும். இவை பின்னால் விலை கொடுத்தாலும் கிடைக்க மாட்டா. வழியில்லாதவர்களுக்காக அமைந்த வழியை, வழியுள்ளவர்கள் சிக்கனத்துக்காகவோ பயத்துக்காகவோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

காரணம் தெளிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது நேரம். இங்கேதான் பலருடைய கணக்குத் தவறுகிறது. இந்திரா காந்திப் பல்கலைக் கழகம் தன் படிப்பின் பளுவைக் 'கிரெடிட்' என்னும் அளவால் குறிக்கிறது. ஒரு கிரெடிட் என்பது மாணவர் படிப்பதற்குச் செலவிட வேண்டிய முப்பது மணி நேரம். 80 கிரெடிட் கொண்ட ஒரு முதுகலைப் படிப்பை எடுத்துக்கொண்டால், மொத்தம் 2,400 மணி நேரம் ஆகிறது. இரண்டாண்டில் இதை முடிக்க வேண்டுமானால், வாரத்துக்கு இருபத்து மூன்று மணி நேரம். ஒரு நாளும் தவறாமல், தீபாவளியும் பொங்கலும் உட்பட, தினம் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, இரவு ஏழரைக்குத் திரும்புகிற மனிதருக்கு இது எங்கிருந்து வரும்? 'ஓய்வு நேரத்தில் படித்துக்கொள்வேன்' என்று சொல்பவர், அந்த ஓய்வு நேரம் எத்தனை மணி என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

ஆனால் இதற்கு ஒரு பரிகாரம் விதியிலேயே இருக்கிறது. அதனைப் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. இரண்டாண்டுப் படிப்பை நான்காண்டு வரையில் நீட்டிக்க அப்பல்கலைக் கழகம் இடம் தருகிறது. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன; எல்லாத் தாள்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. நான்காண்டில் பகிர்ந்தால், தினம் சற்றேறக்குறைய ஒரு மணி நாற்பது நிமிடம். இது மனிதரால் இயலும் காரியம். வேலையில் இருப்பவர் தொடக்கத்திலேயே மூன்றாண்டு அல்லது நான்காண்டு என்று திட்டமிட்டுக்கொள்வதே விவேகம். இரண்டாண்டு என்று விளம்பரத்தில் கண்டதை நம்பி ஓடி, மூச்சு வாங்கி, பிறகு முழுவதையுமே விட்டுவிடுவதைக் காட்டிலும் மெல்ல நடந்து போய்ச் சேருவது மேல். வேறு பல்கலைக் கழகங்களில் எத்தனை ஆண்டு இடம் உண்டு என்பதைச் சேரும் முன்னரே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஒரு மணி நாற்பது நிமிடம் வீட்டிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். ஆகவே, வீட்டாருடைய சம்மதம் விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படாத ஒரு தகுதி. ஆண்மகன் படிக்க உட்கார்ந்தால், 'அப்பா படிக்கிறார், சத்தம் போடாதே' என்று குழந்தையை அடுத்த அறைக்கு அழைத்துப் போக ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவர் தாமே படிக்க விரும்பினால் என்ன ஆகிறது? சமையல், பாத்திரம், குழந்தையின் வீட்டுப் பாடம், மாமியாருக்கு மருந்து எல்லாம் முடிந்து, பத்தரை மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால், முதற் பக்கத்திலேயே கண் மூடிக்கொள்கிறது. பிறகு, 'எனக்குப் படிப்பு ஏறவில்லை' என்று அவர் தம்மையே நொந்துகொள்கிறார். ஏறாதது படிப்பன்று, நேரம் தரப்படவில்லை, அவ்வளவே. வீட்டார் உண்மையிலேயே அவர் படிப்பதை விரும்பினால், இரவுச் சமையலையோ காலை வேலையையோ வாரத்தில் ஐந்து நாளாவது மற்றொருவர் ஏற்றுக்கொள்வது என்று சேரும் முன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும். பொதுவாக 'நீ படி, நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்வது இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் எந்த வேலை, எந்தக் கிழமை, யார் என்று சொல்லாத உறுதி அடுப்பங்கரை வரையில் வந்து சேராது.

தனியே படிப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏகலைவனை உதாரணம் காட்டுவது நம்மவர் வழக்கம். குருவின் மண்ணுருவத்தை வைத்துக்கொண்டே வில்வித்தை பயின்றானே என்பார்கள். மெய்தான். ஆனால் அவனுக்கு அம்பு குறியில் பட்டதா இல்லையா என்பதை மரமே சொல்லிவிட்டது. வரலாற்றிலோ பொருளாதாரத்திலோ நாம் எழுதிய விடை குறியில் பட்டதா என்பதை மற்றொருவர் படித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆதலால் ஒப்படைப்புக் கட்டுரைகளை வெறும் சடங்காக எண்ணி, எங்கிருந்தோ நகல் எடுத்து அனுப்பிவிடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் நஷ்டம். மொத்த மதிப்பெண்ணில் முப்பது விழுக்காடு வரையில் அவற்றுக்கு உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். திருத்தும் கண் ஒன்று நம் எழுத்தின் மேல் படுவதற்கு இவ்வழியில் உள்ள வாய்ப்புகள் சிலவே. அவற்றில் இது முதன்மையானது. அதே படிப்பில் சேர்ந்தவர்கள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் கூடிப் பேசினால், தனிமையின் பாதிச் சுமை இறங்கிவிடும். நேரில் கூட இயலாதவர்கள் கைப்பேசியிலேயே கூடலாம்.

இன்னொன்று, சிறியதுதான்; ஆனால் தேர்வு மண்டபத்தில் பெரியதாகிவிடும். தொலைநிலைப் படிப்புகளின் தேர்வுகளைப் பெரும்பாலும் பேனாவால் தாளில் எழுத வேண்டும். பத்தாண்டுகளாகக் கணினியிலும் கைப்பேசியிலும் மட்டுமே எழுதிப் பழகிய விரல்கள், மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதச் சொன்னால் முதல் மணியிலேயே வலிக்கத் தொடங்கும். விடை தெரிந்திருந்தும் எழுதி முடிக்க இயலாமல் எழுந்து வந்தவர்கள் பலர். தினம் ஒரு பக்கமாவது கையால் எழுதிப் பழகுவதும் படிப்பின் ஒரு பகுதியே.

முடிவு செய்ய இயலாமல் இன்னும் தயங்குவோர் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். விரும்பிய படிப்பின் முதற்பாட நூலை, முன்பு சொன்ன 'இ-ஞான்கோஷ்' களஞ்சியத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் படிக்கப் போவதாக நினைக்கிறீர்களோ, அதே நேரத்தில், அதே மூலையில், பதினைந்து நாள் படியுங்கள். பதினைந்தாம் நாள், பாடத்தின் முடிவில் உள்ள வினாக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு பக்கம் கையால் விடையெழுதி, அப்பாடம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பதினைந்து நாளில் பத்து நாளாவது உட்கார முடிந்ததா என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்திருந்தால் விண்ணப்பத்தை எழுதலாம். முடியாவிட்டால், இடையூறு என்ன என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்: மூலை சரியில்லையா, நேரம் சரியில்லையா, அல்லது அந்தப் பாடமே நமக்கு ஏற்றதில்லையா என்று கண்டுகொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் மாணவரைச் சேர்க்கிறார்கள். ஜூலையில் சேராதவர் ஜனவரியில் சேரலாம். நடுவில் இருக்கும் ஆறு மாதத்தில், படிக்கும் மூலையையும் நேரத்தையும் சரிசெய்துகொள்ள முடியும்.